திராட்சைத் தோட்டம் கேட்கும் கேள்விகள்

(கோவை மேற்கு வட்டாரத் திராட்சை சாகுபடியாளர்கள் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் பேச வந்தால், எந்த உரத்தை எவ்வளவு இட வேண்டும், எந்த மருந்தை எப்போது தெளிக்க வேண்டும் என்று சொல்வார் என நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் அதிலிருந்து சற்று விலகி, நம் திராட்சையில் இனிமேல் என்னென்ன கண்டறியப்பட வேண்டும் என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "ஆராய்ச்சி செய்வது உங்கள் வேலையாயிற்றே, அதை எங்களிடம் ஏன் சொல்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். திராட்சையைப் பொறுத்தவரை, ஆராய்ச்சிக்கான கேள்விகள் உங்கள் பந்தலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. அவற்றை முதலில் காண்பவர்கள் நீங்கள். எந்தக் கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

சோளமோ நிலக்கடலையோ ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டத்தில் மாற்றிக் கொள்ளலாம். திராட்சை அப்படியல்ல. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டபின், நாம் தேர்ந்த ரகத்தோடும் வேரோடும் இடைவெளியோடும் பல ஆண்டுகள் வாழ்ந்தாக வேண்டும். தொண்டாமுத்தூர், மாதம்பட்டி, தீத்திபாளையம், குப்பனூர், நரசீபுரம் பகுதிகளில் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னைக்கோ பாக்குக்கோ போனவர்களை நீங்களே அறிவீர்கள். அவர்கள் யாரும் திராட்சையை வெறுத்துப் போனவர்கள் அல்லர். மழையும் நோயும் கூலியும் விலையும் சேர்ந்து நெருக்கியபோது, நம்பிப் பிடித்துக் கொள்ள உறுதியான விடைகள் போதவில்லை. ஆகவே இது ஏட்டுப் பேச்சு அன்று. பந்தல் நிற்குமா, பிரியுமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

நம் கொடி வேறு, நாசிக் கொடி வேறு

இந்தியாவில் திராட்சை மூன்று விதமாக வளர்கிறது. பஞ்சாப், தில்லி போன்ற வட பகுதிகளில் குளிர்காலத்தில் கொடி இலைகளை உதிர்த்துவிட்டு உறங்கும். அங்கே ஆண்டுக்கு ஒரு கவாத்து, ஒரு மகசூல். மகாராஷ்டிரத்தின் நாசிக், சாங்லி பகுதிகளில் கொடி உறங்குவதில்லை. ஏப்ரல் மாதத்தில் வளர்ச்சிக்காக ஒரு கவாத்தும், அக்டோபர் மாதத்தில் காய்ப்புக்காக மற்றொரு கவாத்தும் செய்கிறார்கள். கவாத்து இரண்டு, மகசூல் ஒன்று.

நம் ஊரிலோ கவாத்தும் இரண்டு, மகசூலும் இரண்டு. டிசம்பர்-ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல்-மே மாதங்களில் கோடை மகசூல் எடுக்கிறோம். மே-ஜூனில் கவாத்து செய்து ஆகஸ்ட்-செப்டம்பரில் பருவமழைக்கால மகசூல் எடுக்கிறோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி, ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் அனுப்புகிறார்கள். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

இரண்டு மகசூல் என்பது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் அந்த வரத்தோடு ஒரு சுமையும் வருகிறது. நாசிக் கொடி ஏப்ரல் கவாத்துக்குப் பின் வரும் மாதங்களில் காய்ச்சுமை இல்லாமல் தண்டை முற்ற வைத்து, மொட்டைத் தயாரித்து, மாவுச்சத்தைச் சேமித்துக் கொள்கிறது. நம் கொடிக்கு அந்த ஓய்வு இல்லை. இந்தப் பட்டத்துக் குலையைச் சுமந்து கொண்டே அடுத்த பட்டத்துக்கான மொட்டையும் அது கருக் கொள்ள வேண்டும். ஒரு கையில் பால் குடிக்கும் குழந்தை, வயிற்றில் அடுத்த குழந்தை என்பது போன்ற நிலை.

எனவே வெளியூரிலிருந்து ஒரு பரிந்துரை வரும்போது, "இது ஆண்டுக்கு எத்தனை மகசூல் எடுக்கும் கொடிக்குச் சொன்னது?" என்று முதலில் கேளுங்கள். புனேக்கு அருகே மாஞ்சரியில் 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் அரிய பணிகளைச் செய்து வருகிறது. நம் பல்கலைக்கழகமும் 2012-ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அங்கே கிடைக்கும் முடிவுகளை நம் செம்மண்ணிலும் கரிசலிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலும் வைத்துச் சரி பார்ப்பது அடுத்த படி. அந்தப் படியில்தான் உங்கள் உதவி வேண்டும்.

சாலையோரக் கொடி தந்த பாடம்

விவசாயி கண்ட ஒன்று உலகத்துக்கே மருந்தான கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் பிரான்சு நாட்டுக்குள் 1870-களின் இறுதியில் புகுந்தது. இலைகள் உதிர்ந்து தோட்டங்கள் மொட்டையாயின. போர்டோ நகரப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்டே என்பவர், 1882-ஆம் ஆண்டு ஒரு தோட்டத்தின் வழியே சென்றபோது, சாலையோர வரிசைகளில் மட்டும் இலைகள் பசுமையாக நிற்பதைக் கண்டார். காரணம் கேட்டார். வழிப்போக்கர்கள் பழம் பறிப்பதைத் தடுக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து சாலையோரக் கொடிகளில் தெளிப்பது அவ்வூர் வழக்கம் என்றார்கள். பழத்தில் நீலக் கறை படிந்திருந்தால் யாரும் தொட மாட்டார்கள் அல்லவா? அந்தக் கறையே நோயைத் தடுத்திருக்கிறது.

மில்லார்டே அதைக் கண்டதோடு நிற்கவில்லை. எத்தனை பங்கு துத்தம், எத்தனை பங்கு சுண்ணாம்பு, எப்போது தெளிப்பது என்று சோதனை செய்து 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுதான் இன்றும் நாம் பயன்படுத்தும் போர்டோ கலவை. கண்ணில் பட்டது விவசாயியின் தோட்டம். அளந்து பார்த்தது ஆராய்ச்சியாளரின் கை. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்த மருந்து பிறந்திருக்காது.

இனி, நம் தோட்டங்கள் கேட்கும் முக்கியமான கேள்விகளைக் காண்போம்.

முதல் கேள்வி: குலை எங்கே போயிற்று?

"ஏனுங்க, போன பட்டம் கொத்துக் கொத்தாத் தொங்குச்சுங்க. இந்தப் பட்டம் கொடிதான் ஓடுது, கொத்தையே காணோமுங்க. உரம் பத்தலீங்களா?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. பெரும்பாலும் குறை உரத்தில் இருப்பதில்லை. கவாத்து செய்த நாளுக்கு முன்பே அந்தக் குறை நேர்ந்துவிடுகிறது.

திராட்சையில் குலை, பூக்கும்போது உருவாவதில்லை. முந்திய பட்டத்தில் தளிர் வளர்ந்து கொண்டிருக்கும்போதே, அதன் இலைக்கணுவில் உள்ள மொட்டுக்குள் குலையின் கரு அமைந்துவிடுகிறது. குலையும் பற்றுச்சுருளும் ஒரே வகைக் கருவிலிருந்து பிறப்பவை. அந்த நாட்களில் நல்ல வெயிலும், கொடியில் போதிய மாவுச்சத்தும் இருந்தால் கரு குலையாகும். மேகமூட்டம், பந்தலில் இலை அடைப்பு, அதிகத் தழைச்சத்து, அதிகக் காய்ச்சுமை ஆகியவை சேர்ந்தால் அதே கரு சுருளாகிப் போகும். கவாத்துக்குப் பின் ஏறத்தாழ 40 முதல் 60 நாட்களுக்குள் இந்தத் தீர்மானம் நடப்பதாக, வளர்ச்சிக் கவாத்து செய்யும் பகுதிகளில் கண்டுள்ளார்கள். நம் பன்னீர் திராட்சையில் அதே நாட்களில் கொடி பூத்துப் பிஞ்சு பிடித்துக் கொண்டிருக்கும்.

ஆகவே கண்டறிய வேண்டியவை இவை. கோடைப் பட்டத்திலும் மழைப் பட்டத்திலும் மொட்டு கருக் கொள்ளும் நாட்கள் ஒன்றேதானா? அடுத்த பட்டத்தைக் கெடுக்காமல் ஒரு கொடி எத்தனை குலைகளைச் சுமக்கலாம்? பன்னீர் ரகத்துக்கு நான்கு மொட்டு விட்டுக் கவாத்து செய்யும்படி நாம் பரிந்துரைக்கிறோம். மேகமூட்டமான பருவத்துக்குப் பிறகும் நான்காவது மொட்டிலேயே குலை இருக்குமா, அல்லது ஐந்தாவது ஆறாவது மொட்டுக்குத் தள்ளிப் போகுமா? மகாராஷ்டிரத்தில் கவாத்துக்கு முன் தண்டுகளை வெட்டி ஆய்வுக்கூடத்தில் மொட்டைப் பிளந்து, நுண்ணோக்கியில் குலைக் கரு எந்தக் கணுவில் உள்ளது என்று பார்த்துச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்யும் நமக்கு அந்த வசதி இரு மடங்கு தேவை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொடியின் ஓட்டத்தை அடக்கிக் காய்க்கும் மொட்டுகளைப் பெருக்க, குளோர்மெக்குவாட் என்னும் வளர்ச்சி ஒடுக்கியை வடக்கே பயன்படுத்தினார்கள். வளர்ச்சிக் கவாத்துக்குப் பின், குலையே இல்லாத கொடியில் தெளித்த அந்த மருந்தின் எச்சம், மாதங்கள் கழித்து வந்த பழத்தில் காணப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய இந்தியத் திராட்சை இதனாலேயே பெரும் சிக்கலுக்கு உள்ளாயிற்று. நம் கொடியில் மொட்டு உருவாகும் அதே வேளையில் பிஞ்சும் தொங்குகிறது. அங்கேயே எச்சம் தங்கியது என்றால் இங்கே என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பிறர் முறையை அப்படியே எடுத்துக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: எந்த மழைக்கு மருந்து அடிப்பது?

அடிச்சாம்பல் நோயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலையின் மேற்புறம் எண்ணெய்ப் பொட்டு, அடிப்புறம் வெண்பூசணம், பிறகு பூங்கொத்தே கருகிப் போகும். இந்தப் பூசணம் இலையின் அடிப்புறத்துத் துளைகள் வழியே நுழைகிறது. நுழைவதற்கு இலையில் ஈரம் நிற்க வேண்டும். போர்டோ கலவை நோய் நுழையாமல் தடுக்கும். நுழைந்த பின் குணப்படுத்தாது. எனவே மழைக்கு முன்பே, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்திருக்க வேண்டும்.

ஆனால் எந்த மழைக்கு? வானம் கறுக்கும் போதெல்லாம் விசைத்தெளிப்பானை எடுத்தால் செலவு தாங்காது. எடுக்காவிட்டால் குலை தாங்காது. ஐரோப்பாவில் 'மூன்று பத்து' என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். தளிர் 10 செ.மீ. வளர்ந்திருக்க வேண்டும்; வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்; ஓரிரு நாளில் 10 மி.மீ. மழை பெய்திருக்க வேண்டும். மூன்றும் கூடினால் முதல் தாக்குதலை எதிர்பார்க்கலாம் என்பது அதன் பொருள். அந்த விதி அங்கே பயன்படும். கோவைச் சமவெளியிலோ ஆண்டு முழுவதும் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. கொடியும் இலையை முழுதாக உதிர்ப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் எப்போதும் ஏதோ ஒரு கொடியில் பச்சை இலை இருக்கும். பூசணமும் அதில் உயிரோடு இருக்கும். ஆகவே நமக்கு நம் ஊர் விதி வேண்டும். இலையில் எத்தனை மணி நேரம் ஈரம் நின்றால் நோய் வருகிறது, பனி மட்டும் போதுமா, மலையடிவாரச் சாரலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் வேறுபாடு என்ன என்பவற்றைத் தோட்டத்திலேயே கருவி வைத்து அளந்து, அதிலிருந்து முன்னறிவிப்பு செய்ய வேண்டும்.

இதோடு சேர்ந்த கேள்விகள் இரண்டு. ஒரே வகை ஊடுருவும் மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் அதற்குப் பழகிவிடும். நம் வட்டாரத்தில் எந்த மருந்துகள் வேலை செய்கின்றன, எவை பழகிப் போய்விட்டன என்பதை ஆண்டுதோறும் சோதித்துச் சொல்ல வேண்டும். அடுத்தது, பல ஆண்டுகள் தெளித்த மயில்துத்தத்தின் தாமிரம் மண்ணை விட்டுப் போவதில்லை. பழைய பந்தல்களின் மேல்மண்ணில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அது வேரையும் மண்புழுவையும் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மருந்தின் எச்சம் ஏற்றுமதிக்காரரின் கவலை மட்டும் என்று எண்ணாதீர்கள். 2003-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் இந்தியத் திராட்சையில் பூச்சிமருந்து எச்சம் கண்டு தடை எழுந்த பிறகே, ஏற்றுமதித் தோட்டம் ஒவ்வொன்றையும் பதிவு செய்து கண்காணிக்கும் ஏற்பாடு 2006-ஆம் ஆண்டில் வந்தது. நம் பன்னீர் பழம் உக்கடம் சந்தைக்கும் கேரளத்துக்கும் போகிறது. அதை உண்பவர்களும் நம் பிள்ளைகளே. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்களை, நம் வெயிலிலும் நம் ரகத்திலும் அளந்து சொல்வது ஆராய்ச்சியின் கடமை. அதுவரை மருந்துக் குப்பியின் மேல் அச்சிட்டுள்ள காத்திருப்புக் காலத்தைக் குறைக்காமல் கடைப்பிடிப்பது நம் கடமை.

மூன்றாம் கேள்வி: எந்த வேர், எவ்வளவு நீர்?

பன்னீர் திராட்சையைப் பெரும்பாலும் தண்டுக் குச்சியை நட்டே வளர்க்கிறோம். கொடி தன் சொந்த வேரில் நிற்கிறது. நல்ல மண்ணும் நல்ல நீரும் இருந்தவரை அதில் குறை இல்லை. இன்று ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகப் போகப் போக, பல இடங்களில் நீரில் உப்பு ஏறுகிறது. இலை ஓரம் கருகுவதை நீங்கள் பார்க்கிறீர்கள். மேலும், பல ஆண்டு பந்தல் நின்ற நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு பெருகுகிறது. பழைய பந்தலைப் பிரித்து அதே இடத்தில் புதுக் குச்சி நட்டால் கொடி தலையெடுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒட்டுக்கட்டுவது வழி. நூற்புழுவையும் உப்பையும் வறட்சியையும் தாங்கும் வேர்ச்செடிகள் பல உண்டு. டாக்ரிட்ஜ், சால்ட் கிரீக், 110 ரிக்டர் ஆகியவை அவற்றுள் சில. ஆனால் எல்லாம் ஒன்றல்ல. டாக்ரிட்ஜ் மிக வீரியமானது. வளம் குன்றிய மண்ணில் அந்த வீரியம் கொடியைக் காப்பாற்றும். வளமான மண்ணில் அதே வீரியம் கொடியை ஓட விட்டு, இலையை அடைத்து, முன்பு சொன்ன மொட்டுக் கருவைக் கெடுத்துவிடக் கூடும். பன்னீர் ரகத்தை எந்த வேரில் ஏற்றினால், ஆண்டுக்கு இரு மகசூல் எடுத்தும், பத்து ஆண்டுக்கு மேல் தளராமல் நிற்கும் என்பதே நம் கேள்வி. உப்பு நீர்ப் பகுதிக்கு ஒரு விடையும் நன்னீர்ப் பகுதிக்கு வேறொரு விடையும் கிடைக்கலாம்.

நான் உழவியல் துறையைச் சேர்ந்தவன். நீர் நிர்வாகம் என் பாடம். சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால் நீர் நிர்வாகம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். குழாய் நீரைக் கொண்டு சேர்க்கும். எந்தப் பருவத்தில் எவ்வளவு என்று அது சொல்லாது. தளிர் ஓட்டத்தில், பூப்பில், காய் பருக்கும்போது, பழம் நிறம் மாறும்போது கொடியின் தேவை வெவ்வேறு. எந்தப் பருவத்தில் நீரைக் குறைத்தால் கொடிக்குத் தீங்கில்லை, இனிப்பும் ஏறும் என்பதை அளந்து, இத்தனை லிட்டர் என்று கணக்காகச் சொல்ல வேண்டும். நொய்யல் ஆற்றின் தலைமடையிலேயே கிணறு வற்றும் கோடையில், குறைத்துவிட்ட ஒவ்வொரு லிட்டரும் மிச்சம்தான்.

உரத்துக்கும் இதே கதை. மண் பரிசோதனை மட்டும் திராட்சைக்குப் போதாது. மொட்டு உருவாகும் பருவத்தில், அடியிலிருந்து ஐந்தாவது இலையின் காம்பைப் பறித்துச் சோதித்தால், கொடிக்குள் என்ன சத்து இருக்கிறது என்பது தெரியும். எந்த அளவு போதும், எந்த அளவு குறைவு என்று ஒப்பிடுவதற்கான அட்டவணை, இரு மகசூல் எடுக்கும் பன்னீர் கொடிக்கென்று நம் வட்டாரத் தோட்டங்களிலிருந்தே உருவாக வேண்டும்.

நான்காம் கேள்வி: பழம் ஏன் ஒரு நாளும் காத்திருக்க மாட்டேன் என்கிறது?

மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் நம் பன்னீர் திராட்சையின் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் அதற்குத் தோல் மெல்லியது, விதை உண்டு, பறித்த பின் நெடுநாள் தாங்காது. கோடை மகசூல் பழுக்கும்போது கோடை மழை வந்தால் பழம் வெடிக்கிறது. வெடித்த பழத்தை நாளைக்கு வைக்க முடியாது. அது வியாபாரிக்கும் தெரியும். விலை பேசும்போது நம் கை தாழ்ந்து போவதற்கு முதல் காரணம் இதுவே.

ஆகவே இந்த மணம் மாறாமல், சற்றுத் தடித்த தோலும் இறுக்கமில்லாத குலையும் உள்ள கொடிகளை நம் தோட்டங்களிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரம் கொடிகளில் ஒன்று, மழை பெய்தும் வெடிக்காமல் நிற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அது மண்ணின் குணமா, கொடியின் குணமா என்று சோதிப்பது எங்கள் வேலை. விதையைப் பொறுத்தவரை, ஜப்பானில் டெலவேர் என்னும் ரகத்தின் பூங்கொத்தை ஜிப்ரெல்லிக் அமிலக் கரைசலில் நனைத்து, விதையில்லாப் பழம் எடுப்பது பல பத்தாண்டுகளாக வழக்கத்தில் உள்ளது. நம் பன்னீரில் அது எந்த அளவில், எந்த நாளில் பலன் தரும், மணத்தையும் அடுத்த மொட்டையும் கெடுக்காதா என்று முறையாகப் பார்க்க வேண்டும்.

சந்தைக்குப் போகாத பழத்துக்கும் வழி வேண்டும். மாஞ்சரி மையம் சாற்றுக்கென்றே 'மாஞ்சரி மெடிகா' என்னும் ரகத்தை உருவாக்கியுள்ளது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்க்காவதி, அர்க்கா நீலமணி போன்ற கலப்பின ரகங்களைத் தந்துள்ளது. இவற்றை நம் வட்டாரத்தில் பன்னீரோடு பக்கத்தில் பக்கத்தில் நட்டு, இரண்டு பட்டத்திலும் ஒப்பிட வேண்டும். பன்னீர் பழத்தின் சாற்றை மணம் குன்றாமல் பதப்படுத்தும் சிறு அளவிலான முறையும் வேண்டும். விலை சரியும் வாரத்தில் பத்துப் பேர் சேர்ந்து இயக்கக் கூடிய அளவில் அது இருக்க வேண்டும்.

எது முதலில்?

கேள்விகள் இவ்வளவு இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. ஆராய்ச்சிக்கும் ஆளும் பணமும் அளவோடுதான் உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன்.

மொட்டும் நோய் முன்னறிவிப்பும் முதலில் வர வேண்டும். இவ்விரண்டுக்கும் புதிய பந்தல் தேவையில்லை. இன்று நிற்கும் கொடிகளிலேயே தொடங்கலாம். ஆண்டுக்கு இரு பட்டம் என்பதால் மூன்று ஆண்டில் ஆறு பட்டங்களின் கணக்கு கைக்கு வரும். பலனும் உடனே உங்களுக்குக் கிடைக்கும்.

ஆனால் வேர்ச்செடி ஆராய்ச்சியையும் அதே ஆண்டில் தொடங்கியாக வேண்டும். விடை உடனே வராது என்பதே அதற்குக் காரணம். ஒட்டுக்கட்டி, நட்டு, பந்தல் ஏறி, பத்து ஆண்டு காய்த்த பிறகே எந்த வேர் நின்றது என்று சொல்ல முடியும். 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளும் ஒவ்வோர் ஆண்டும், உங்கள் பிள்ளைகள் பந்தல் போடும்போது விடையில்லாமல் நிற்கும் ஓர் ஆண்டு. மெதுவாக வரும் விடைக்குத்தான் விரைவாகத் தொடங்க வேண்டும்.

நீங்கள் செய்யக் கூடியவை

இதில் உங்கள் பங்கு பெரிது. மூன்று காரியங்களைக் கேட்டுக் கொள்கிறேன்.

முதலாவது, ஒரு குறிப்பேடு. கவாத்து செய்த நாள், மொட்டு வெடித்த நாள், பூத்த நாள், மழை பெய்த நாளும் அளவும், தெளித்த மருந்தும் நாளும், அறுவடை நாளும் எடையும். இவ்வளவு போதும். மழையை அளக்க அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள டப்பாவும் ஓர் அளவுகோலும் போதும். வெட்டவெளியில் வைத்து, காலையில் நிற்கும் நீரின் உயரத்தை மில்லி மீட்டரில் குறியுங்கள். இருபது தோட்டங்களின் குறிப்பேடு ஐந்து ஆண்டுக்குச் சேர்ந்தால், எங்கள் பண்ணைச் சோதனை தர முடியாத செய்திகளை அது தரும்.

இரண்டாவது, ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். புதிய உரமோ மருந்தோ வந்தால் தோட்டம் முழுவதும் இட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்கிறோம். அது உரத்தால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று எப்படித் தெரியும்? நான்கு வரிசைக்கு இடுங்கள், அடுத்த நான்கு வரிசைக்கு இடாமல் விடுங்கள். மற்ற எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் பத்துக் கொடிகளுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றின் குலையை எண்ணி எடை போடுங்கள். கணக்கு சொல்வதைக் கேளுங்கள்; விற்பவர் சொல்வதைப் பிறகு கேட்கலாம்.

மொட்டுக் கேள்வியையும் இப்படியே சோதிக்கலாம். அடுத்த கவாத்தில் பத்துக் கொடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரே பருமனுள்ள எட்டுத் தண்டுகளை எடுங்கள். இரண்டைக் மூன்று மொட்டிலும், இரண்டை நான்கிலும், இரண்டை ஐந்திலும், இரண்டை ஆறிலும் வெட்டுங்கள். தளிர் வந்ததும் எந்த மொட்டிலிருந்து வந்த தளிரில் குலை இருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 675 கொடிகள் இருக்கும். அதில் பத்துக் கொடி சோதனைக்குப் போனால் நட்டம் ஒன்றும் பெரிதில்லை. எண்பது தண்டுகளின் கணக்கு மட்டும் உங்கள் கையில் மிஞ்சும்.

மூன்றாவது, கேளுங்கள். எந்த ஆராய்ச்சியும் யாரோ ஒருவர் கேட்டதால்தான் தொடங்குகிறது. உங்கள் சங்கத்தின் மூலமாக, வட்டாரத் தோட்டக்கலை அலுவலர் மூலமாக, பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். "திராட்சைக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். "சாரல் காலத்தில் கவாத்து செய்த கொடியில் எந்த மொட்டில் குலை வருகிறது? மூன்று பட்டத்துக் கணக்கு இதோ" என்று எழுதினால், அதைத் தட்டிக் கழிக்க எந்த ஆராய்ச்சியாளராலும் முடியாது. கருவி வைக்கவும் தண்டு வெட்டவும் இலைக்காம்பு பறிக்கவும் உங்கள் தோட்டத்தில் இரண்டு வரிசை இடம் கொடுங்கள்.

பெருமக்களே, ஆனைமலையன்பட்டியிலும் மாஞ்சரியிலும் நடக்கும் ஆராய்ச்சி நம் பந்தலுக்கு வந்து சேர வேண்டுமென்றால், நம் பந்தலின் கணக்கும் அங்கே போய்ச் சேர வேண்டும். டிசம்பர் கவாத்துக்குக் கத்திரியைத் தீட்டும்போதே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தையும் வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் கவாத்து நாளை எழுதித் தொடங்குங்கள்.